மூட்டைப்பூச்சியும் நடுக்கடலில் ஓடும் பூச்சியும்: இந்த இரண்டில் யார் பெரிய ஆள்?

தூக்கம்கெட்டவன்:

இரவு மூன்று மணிக்கு இதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு மேன்சனில் மாத வாடகைக்கு இருக்கிறேன், எந்த மேன்சன் என்று கேட்காதீர்கள். விளக்கை அணைத்து இருபது நிமிடம் ஆனதும் கழுத்துப் பக்கம் ஆரம்பிக்கும், விளக்கைப் போட்டால் ஒன்றும் இருக்காது. இன்றைக்குத் தலையணை உறையின் தையலைப் பிரித்துப் பார்த்தேன், துவரம்பருப்பு அளவில் ஒருவர் செம்பழுப்பாக உட்கார்ந்திருந்தார். நசுக்க மனம் வரவில்லை (நாற்றமும் ஒரு காரணம்), மூடி தொலைந்துபோன ஒரு பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவில் போட்டு வைத்துவிட்டு, தூக்கம்தான் போய்விட்டதே, இவருடைய சொந்தபந்தம் யார் என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்ததில் ஒன்று மண்டைக்குள்ளேயே நிற்கிறது. இதே வகையில் தூரத்து உறவு ஒன்று நடுக்கடலில் இருக்கிறதாம், பெயர் ஹாலோபேட்டிஸ். கரையோ பாறையோ கண்ணுக்கே தெரியாத இடத்தில், அலைக்கு மேலேயே பிறந்து அலைக்கு மேலேயே சாகிறது. இரண்டுக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், அரை சென்டிமீட்டர். இரண்டுக்கும் சிறகு கிடையாது. இரண்டும் குத்தி உறிஞ்சித்தான் சாப்பிடுகின்றன. ஆனால் ஒன்றுக்குச் சுவர் இல்லாமல் வாழவே தெரியாது, இன்னொன்று சுவர் என்ற ஒன்றைப் பார்க்காமலே செத்துப்போகும்.

என் கேள்வி இதுதான்: இரண்டில் யாருடைய பிழைப்பு கடினம்? நான் கடல் பூச்சிக்கு ஓட்டுப் போடுகிறேன். மூட்டைப்பூச்சிக்கு என்ன குறைச்சல், சாப்பாடே தானாக வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது.

கேள்விக்குறி:

கடலில் பூச்சியே கிடையாது என்றுதானே பள்ளியில் சொன்னார்கள்? அப்புறம் மூட்டைப்பூச்சியும் தண்ணீரில் ஓடுவதும் எப்படி உறவாகும்? சும்மா அடித்துவிடாதீர்கள்.

பூச்சிக்கண்ணாடி:

அடித்துவிடவில்லை, சரியாகத்தான் சொல்கிறார். கல்லூரியில் பூச்சியியல் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட பூச்சி இனங்கள் சுமார் பத்து லட்சம். அதில் கரையை விட்டு விலகி, திறந்த கடலிலேயே வாழ்நாள் முழுவதும் கழிப்பவை வெறும் ஐந்துதான். ஐந்துமே ஹாலோபேட்டிஸ்: மைக்கன்ஸ், ஜெர்மானஸ், செரிசியஸ், சோப்ரினஸ், ஸ்ப்ளெண்டன்ஸ். அந்தப் பேரினத்தில் நாற்பதுக்கு மேல் இனங்கள் இருந்தாலும் மற்றதெல்லாம் அலையாத்திக்காடு, உள்வாய்க் கடல், கரையோரம் என்று ஒதுங்கி வாழ்பவை. அந்த ஐந்திலும் மைக்கன்ஸ் ஒன்றுதான் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல் மூன்றிலும் இருப்பது. நம் பக்கத்துக் கடலில் மைக்கன்ஸும் ஜெர்மானஸும். அதனால் பள்ளியில் சொன்னது முழுப் பொய் இல்லை, ஐந்து பேரைக் கணக்கில் விட்டுவிட்டார்கள், அவ்வளவுதான்.

உறவு எப்படி என்றால், ஒரே வரிசைக்குள் ஒரே பெரும்பிரிவு. தமிழில் வேளாண்மைக்காரர்கள் இந்தப் பிரிவை நாவாய்ப்பூச்சி என்பார்கள். வண்டுக்குக் கடிக்கும் வாய். இவற்றுக்கு அலகு, அதற்குள் முடி போல மெல்லிய நான்கு ஊசிகள் சேர்ந்து இரண்டு குழாய் ஆகும், ஒன்றில் எச்சில் உள்ளே போகும், மற்றதில் சாறு மேலே வரும். கூட்டுப்புழு நிலை கிடையாது, குஞ்சு பார்க்கவே சின்ன அம்மா மாதிரி இருக்கும், ஐந்து முறை தோலுரித்து வளரும். இந்த ஐந்து கணக்குகூட மூட்டைப்பூச்சிக்கும் கடல் பூச்சிக்கும் ஒன்றுதான். அதற்கு மேல் உறவு நெருக்கம் என்று சொல்ல மாட்டேன். சித்தப்பா பெரியப்பா மக்கள் இல்லை, ஏழு தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கம்கெட்டவன், உங்கள் ஓட்டு எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

வரப்போரம்:

நாவாய்ப்பூச்சி என்றதும் நாற்பது வருடம் பின்னால் போய்விட்டேன். நெல்லில் பால் பிடிக்கும் சமயத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி வந்து உறிஞ்சிவிட்டுப் போகும், அப்புறம் அந்த மணி பதராகிவிடும். வயலுக்குள் இறங்கினாலே மூக்கில் ஏறும் அந்த நாற்றம், பூச்சி கண்ணில் படுவதற்கு முன்னாலேயே இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். நாவாய் என்றால் பழந்தமிழில் கப்பல். நெல்வயலில் நிற்கிற பூச்சிக்கு ஏன் கப்பல் பெயர் வந்ததோ தெரியாது, நீங்கள் சொல்கிற கடல் பூச்சிதான் நிஜமான நாவாய்ப்பூச்சி போலிருக்கிறதே!

பழையபாய்:

தம்பி, நசுக்காமல் வைத்தேன் என்கிறீர்களே, எங்கள் காலத்தில் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். மாதம் ஒரு ஞாயிறு கயிற்றுக்கட்டிலை முற்றத்தில் போட்டு, அம்மா அண்டாவில் கொதிக்கும் தண்ணீரைச் சட்டத்தின் மூட்டுவாயில் ஊற்றுவார்கள், நாங்கள் பிள்ளைகள் கட்டிலைத் தூக்கித் தரையில் தட்டுவோம், உதிரும். மண்ணெண்ணெய் தடவிய வீடுகளும் உண்டு (அது ஆபத்து, செய்யாதீர்கள்). சினிமா தியேட்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தால் வாசலிலேயே துணியை உதறச் சொல்வார்கள். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல என்று பழமொழியே இருக்கிறதே, அப்படிக் கொளுத்தத் தோன்றும் அளவுக்குக் கடி.

இன்னொன்று. என் தாத்தா ஒரு வடமொழிச் சுலோகம் சொல்லிச் சிரிப்பார். லட்சுமி தாமரையில் படுக்கிறாள், சிவன் இமயமலையில் படுக்கிறான், திருமால் பாற்கடலில் படுக்கிறான், ஏன்? எல்லாம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதான்!

தூக்கம்கெட்டவன்:

அம்மா, அருமை. ஆனால் பெருமாள் பாற்கடலுக்குப் போயும் தப்பவில்லை, பங்காளி அங்கேயும் மேலே ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஆழிஅலை:

நான் பார்த்திருக்கிறேன். குமரி மாவட்டம், தூத்தூர்ப் பக்கம். எங்கள் ஆட்கள் ஆழ்கடல் ஓட்டத்துக்குப் போனால் வாரக்கணக்கில் கரை பார்க்க மாட்டார்கள், நானும் சில வருடம் போனேன். காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றினது மாதிரி கிடக்கும் நாளில், படகை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது தண்ணீர்மேல் வெள்ளிப் பொட்டு மாதிரி ஏதோ சறுக்கிச் சறுக்கி ஓடும். கையை நீட்டினால் சடாரென்று துள்ளி வேறு இடத்தில் இருக்கும். ஏதோ தூசி, வெயில் கண்ணைக் கூசுகிறது என்றுதான் நினைத்தேன். பெரியவர் ஒருத்தர்தான் அது பூச்சி, ஊர்க்குளத்தில் காலைப் பரப்பி ஓடுமே அதன் சாதி என்றார். கரையிலிருந்து அத்தனை தூரத்தில் அது என்ன குடிக்கும், எங்கே தூங்கும் என்று அன்றைக்குப் பேசிக்கொண்டோம். இப்போதாவது யாராவது சொல்லுங்கள்.

பூச்சிக்கண்ணாடி:

ஆழிஅலை அண்ணே, வெள்ளிப் பொட்டு என்று நீங்கள் சொன்னது அச்சு அசல். மைக்கன்ஸ் என்ற சொல்லுக்கே மின்னுவது என்றுதான் பொருள். அந்தப் பெயரை வைத்தவர் எஷ்ஷோல்ட்ஸ், ரூரிக் என்ற ரஷ்யக் கப்பலில் 1815 முதல் 1818 வரை உலகம் சுற்றிய மருத்துவர். 1822இல் அவர்தான் இந்தப் பேரினத்தை முதலில் விவரித்து எழுதினார்.

மின்னுவது ஏன் என்றால் உடம்பு முழுவதும் நுண்ணிய முடி, அதற்குள் காற்று மாட்டிக்கொள்கிறது. தண்ணீர் ஒட்டாது. அலை மேலே விழுந்து உள்ளே அமுக்கினாலும் அந்தக் காற்றுப்போர்வையோடு மறுபடி மேலே வந்துவிடும். முன்கால் குட்டை, இரையைப் பிடிக்க. நடுக்கால்தான் துடுப்பு, உடம்பைவிட நீளம், ஓரத்தில் முடி வரிசையும் உண்டு. சவூதி அரேபியாவில் ஒரு பல்கலைக்கழகக் குழு செங்கடலில் ஜெர்மானஸைப் பிடித்துப் படமெடுத்து 2020இல் வெளியிட்டது. துள்ளும்போது முடுக்கம் வினாடிக்கு வினாடி 400 மீட்டர் வரை போகிறது, அதாவது புவியீர்ப்பைப் போல் நாற்பது மடங்கு. உங்கள் கைக்கு எப்படி அகப்படும்? ஆய்வுக் கப்பல்கள் மேற்பரப்பு வலையில் இழுக்கும்போதுகூடப் பகலில் குறைவாகவும் இரவில் அதிகமாகவும்தான் சிக்கும், பகலில் வலை வருவதைப் பார்த்து விலகிவிடுகிறது.

சாப்பாடு என்றால் மேற்பரப்பில் மாட்டிக்கொண்ட மிதவை உயிர்கள், மீன் முட்டை, காற்றில் அடித்துவந்து விழுந்த கரைப் பூச்சி, இப்படி. அலகைச் செருகி எச்சிலை விட்டு உள்ளேயே கரைத்து உறிஞ்சும். வெயிலுக்கு ஒதுங்க நிழல் கிடையாது என்பதால் மேல்தோல் புறஊதாக் கதிரைத் தடுக்கும்படி இருக்கிறது. உடம்பில் காட்மியம் என்ற உலோகம் அதிகமாகச் சேர்வதையும் 1970களில் கண்டிருக்கிறார்கள். இதையெல்லாம் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்தவர் அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தின் லான்னா செங். இந்தப் பூச்சி பற்றி எதைத் தேடினாலும் அவர் பெயரில்தான் போய் நிற்கும்.

கேள்விக்குறி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டுக்கும் சிறகு இல்லை என்பதை ஒற்றுமை என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறார். அது தற்செயல்தானே? நொண்டி இரண்டு பேர் என்றால் இரண்டு பேரும் ஒரே மரத்தில் விழுந்தவர்களா?

பூச்சிக்கண்ணாடி:

நல்ல கேள்வி, உவமை எனக்குப் பிடிக்கவில்லை, கேள்வி பிடித்திருக்கிறது.

காரணம் வேறு வேறு. குளத்தில் ஓடுகிற அதன் சொந்தக்காரர்களைப் பாருங்கள், ஒரே இனத்திலேயே சிறகுள்ளதும் சிறகில்லாததும் இருக்கும். ஏன்? ஏரி வற்றும். சித்திரையில் தண்ணீர் சுண்டிப்போனால் அடுத்த குளத்துக்குப் பறந்துதான் ஆக வேண்டும். வற்றாத நீர்நிலையில் சிறகு வளர்ப்பது வீண்செலவு, அந்தச் சத்தை முட்டையில் போடலாம். கடல் வற்றுமா? வற்றாது. அப்புறம் சிறகு எதற்கு, பறந்தால் காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுமோ. அதனால் ஹாலோபேட்டிஸில் ஒரு நிலையிலும் சிறகு கிடையாது.

மூட்டைப்பூச்சிக்கு இடுக்கில் நுழைய வேண்டும், தட்டையாக இருக்க வேண்டும், சிறகு இடைஞ்சல். ஊர் மாற வேண்டுமென்றால் சாப்பாடே அதைத் தூக்கிக்கொண்டு போகும். மூட்டையோடு வருவதால் மூட்டைப்பூச்சி என்பார்கள், கட்டிலின் மூட்டில் இருப்பதால் என்றும் சொல்வார்கள், எதுவானாலும் பொருத்தம்தான். சிறகிருந்த இடத்தில் இப்போது இரண்டு சின்னத் திண்டு மட்டும் மிச்சம்.

தூக்கம்கெட்டவன்:

டப்பாவில் போட்டது காணவில்லை. மூடி இல்லை, உண்மைதான், ஆனால் வழுவழுவென்ற பிளாஸ்டிக், ஒரு சாண் உயரம். எப்படி ஏறியிருக்கும்? இணையத்தில் எல்லாரும் வழுக்கும் பிளாஸ்டிக்கில் மூட்டைப்பூச்சி ஏறாது என்றுதானே எழுதுகிறார்கள்?

ஸ்காபரோ_பனி:

எழுதுறவை இங்கை இருக்கிறவை, அதுதான் பிரச்சினை. நான் கனடாவிலை, ரொறன்ரோப் பக்கம், அடுக்குமாடியிலை இருக்கிறன், இங்கையும் மூட்டைப்பூச்சி பெரிய தலையிடி, யாழ்ப்பாணத்திலை கண்டதைவிட இங்கைதான் கூடக் கண்டிருக்கிறன் எண்டால் நம்புவியளோ. இங்கை கட்டில் காலுக்குக் கீழை ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் வைப்பினம், ஏற வாற பூச்சி கிண்ணத்துக்குள்ளை விழுந்து ஏறேலாமல் கிடக்கும். எங்கடை வீட்டிலை நல்லா வேலை செய்தது. அதே கிண்ணத்தைக் கொழும்பிலை இருக்கிற அக்காவுக்கு வாங்கி அனுப்பினன், ஒண்டும் விழேல்லை, கடி மட்டும் நிக்கேல்லை எண்டு சொன்னா. ஏன் எண்டு இப்பவரை விளங்கேல்லை.

பூச்சிக்கண்ணாடி:

இதற்குப் பதில் இருக்கிறது, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதில்.

மனிதரைக் கடிக்கும் மூட்டைப்பூச்சி முக்கியமாக இரண்டு இனம். குளிர்நாடுகளில் சைமெக்ஸ் லெக்டுலாரியஸ், நம் போன்ற வெப்பநாடுகளில் சைமெக்ஸ் ஹெமிப்டெரஸ். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், கழுத்துப்பட்டை அகலத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். 2017இல் வந்த ஓர் ஆய்வில் அந்தக் கிண்ணப் பொறியில் இரண்டையும் விட்டுப் பார்த்தார்கள். குளிர்நாட்டுக்காரர் உள்ளேயே கிடந்தார், நம்மவர் ஏறி வெளியே வந்துவிட்டார். காலில் பிடிமானத்துக்கு இருக்கும் முடித்திண்டு நம் இனத்தில் மேம்பட்டது. அதனால் இணையத்தில் வெளிநாட்டுக்காரர் எழுதியதை அப்படியே நம் ஊர்ப் பூச்சிமேல் பொருத்தாதீர்கள். தம்பி, டப்பா ஆசாமி இப்போது உங்கள் மெத்தையில்தான் இருப்பார், வேறு எங்கே போவார்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒன்று தண்ணீரின் தோலைக் கிழிக்காமல் நிற்கக் காலில் முடி வளர்த்தது, மற்றது பிளாஸ்டிக்கில் ஏறக் காலில் முடி வளர்த்தது.

கேள்விக்குறி:

அக்கா, நீங்கள் ஏன் ஓட்டில் உடன்பாடில்லை என்றீர்கள், அதைச் சொல்லவே இல்லை.

பூச்சிக்கண்ணாடி:

சொல்கிறேன். கடல் பூச்சிக்குக் கடினம் என்று நாம் நினைப்பதெல்லாம் நம் கண்ணால் பார்ப்பது. புயல், அலை, உப்பு, வெயில். அதற்கு அது வீடு. அதற்கு உண்மையில் தட்டுப்பாடு ஒரே ஒரு பொருளுக்குத்தான், முட்டையிட ஒரு கெட்டியான இடம். முட்டையைத் தண்ணீரில் விட முடியாது, எதிலாவது ஒட்ட வேண்டும். காலங்காலமாகப் பறவை இறகு, மரத்துண்டு, எரிமலை கக்கிய நுரைக்கல், மிதக்கும் காலிச் சிப்பி, பிற்காலத்தில் கப்பல் விட்ட தார் உருண்டை, இதெல்லாம்தான் பிரசவ அறை. இதற்குத்தான் அடிதடி.

மூட்டைப்பூச்சிக்கு முட்டையிட இடத்துக்குப் பஞ்சமே இல்லை, சுவர் வெடிப்பு, பிளக் பாயின்ட், புத்தக முதுகு என்று எங்கேயும் ஒட்டும். அதற்குத் தட்டுப்பாடு சாப்பாடு. நீங்கள் சாப்பாடு தானாக வந்து படுக்கிறது என்றீர்கள். அந்தச் சாப்பாட்டுக்கு அதன் எடையைப்போல் கோடி மடங்கு எடை, கை இருக்கிறது, விளக்கு சுவிட்ச் இருக்கிறது, கொல்லும் ஆத்திரமும் இருக்கிறது. மூச்சுக்காற்றின் கரியமில வாயுவையும் உடம்புச் சூட்டையும் வைத்துத் தேடி வந்து, ஐந்து பத்து நிமிடத்தில் குடித்து, வயிறு பலூனாக உப்பிய நிலையில் தள்ளாடி இடுக்குக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறை தோலுரிக்கவும் ஒரு வேளை ரத்தம் வேண்டும், கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி. குளிரான இடத்தில் ஒரு வருடத்துக்கு மேலும் தாக்குப்பிடித்திருக்கின்றன. ரத்தத்தில் பி வைட்டமின் போதாது, அதைத் தயாரித்துக் கொடுக்க உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைத் தனி உறுப்பில் குடிவைத்திருக்கிறது லெக்டுலாரியஸ். ஜப்பான் ஆய்வாளர்கள் அதை அழித்துப் பார்த்தார்கள், வளர்ச்சி குன்றிப்போனது, இனப்பெருக்கமும் கெட்டது.

போதாததற்கு இல்லறமும் ரணம். ஆண் தன் ஊசி போன்ற உறுப்பால் பெண்ணின் வயிற்றுத் தோலையே குத்தித் துளைத்துத்தான் விந்தைச் செலுத்தும், வாசல் என்று ஒன்று இருந்தும் அதைப் பயன்படுத்தாது. குத்துப்படும் அந்த இடத்தில் காயத்தையும் கிருமியையும் சமாளிக்கப் பெண்ணுக்குத் தனி உறுப்பே உருவாகியிருக்கிறது. என் ஓட்டு மூட்டைப்பூச்சிக்கு, அதுவும் பெண் மூட்டைப்பூச்சிக்கு.

பழையபாய்:

பாவமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வெந்நீர் ஊற்றுவேன்.

வரப்போரம்:

ஐயோ, கடைசி வரி படித்துக் காப்பி சிந்திவிட்டது.

நாற்றம் பற்றி யாரும் பேசவில்லையே. மூட்டைப்பூச்சி நசுங்கினால் வரும் வாடையும் பச்சைக் கொத்தமல்லித் தழையைக் கசக்கினால் வரும் வாடையும் ஒரே சாயல் என்று எங்கள் வீட்டில் அப்பா கொத்தமல்லிச் சட்னியே தொட மாட்டார். நாங்கள் கேலி செய்வோம்.

பூச்சிக்கண்ணாடி:

ஐயா, உங்கள் அப்பா மூக்கு சரியான மூக்கு. இரண்டிலும் இருப்பது ஒரே குடும்பத்து வேதிப்பொருள்கள், ஆல்டிஹைடுகள். மூட்டைப்பூச்சிக்கு அது அபாயச் சங்கு, ஒன்று நசுங்கினால் மற்றவை கலைந்து ஓடும். கிரேக்க மொழியில் மூட்டைப்பூச்சிக்குக் கோரிஸ் என்று பெயர், கொத்தமல்லியின் ஆங்கிலப் பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். மிச்சமுள்ள சட்னி பிரியர்கள் என்னை மன்னிக்கவும்.

ஸ்காபரோ_பனி:

இனி நான் கொத்தமல்லி வாங்கின மாதிரித்தான்.

ஒரு கேள்வி. காதுக்குக் கேளாத சத்தம் போட்டு விரட்டுற கருவி எண்டு ஒண்டு இங்கை விக்கினம், புகை அடிக்கிற குண்டும் விக்கினம். காசுக்குப் பெறுமதியோ?

பூச்சிக்கண்ணாடி:

இல்லை. சத்தக் கருவியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், மூட்டைப்பூச்சி அசையவே இல்லை. புகைக்குண்டு காற்றில் பரவும், இடுக்குக்குள் போய்ச் சேராது. மருந்துக்குப் பழகிப்போவதும் புதிதல்ல, டி.டி.டி. புழக்கத்துக்கு வந்து சில ஆண்டுகளிலேயே, 1947இல், ஹவாயில் பேர்ல் துறைமுகத்துப் படைவீடுகளில் அதற்குச் சாகாத மூட்டைப்பூச்சிகளைக் கண்டுவிட்டார்கள்.

சூடுதான் நம்பகமானது, பழையபாய் அம்மா செய்தது விஞ்ஞானம்தான். 50 டிகிரிக்கு மேல் போனால் பெரியவை சாகும், முட்டைக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் வேண்டும். துணியைக் கொதிநீரில் துவையுங்கள், மெத்தைத் தையலையும் கட்டில் மூட்டையும் நீராவியால் நிதானமாக வாட்டுங்கள், ஒரு தடவையோடு விடாமல் பத்து நாள் கழித்து மறுபடி செய்யுங்கள், ஏனென்றால் தப்பிய முட்டை அதற்குள் பொரித்திருக்கும். ஒரே ஆறுதல், இது கடிப்பதால் மனிதருக்கு நோய் பரவியதாக நிறுவப்படவில்லை.

இன்னொரு சுவாரசியம். பால்கன் நாடுகளில் அவரை இனத்து இலையைக் கட்டிலைச் சுற்றித் தரையில் பரப்பிவைத்து, காலையில் அதில் மாட்டிய பூச்சிகளோடு அள்ளி எரிப்பார்களாம். அமெரிக்காவில் நுண்ணோக்கியில் பார்த்து 2013இல் எழுதினார்கள், இலையின் கொக்கி முடி பூச்சியின் கால் மூட்டுத் தோலைக் குத்தி மாட்டிவிடுகிறது. அதைப் பார்த்துச் செயற்கை இலை செய்தும் பார்த்தார்கள், இயற்கை இலை அளவுக்குப் பிடிக்கவில்லை.

கேள்விக்குறி:

எல்லாம் சரி. யார் மூத்தவர்? மனிதன் வந்து எத்தனை நாள் ஆகிறது, அதற்கு முன்னால் மூட்டைப்பூச்சி யாரைக் கடித்தது?

பூச்சிக்கண்ணாடி:

முதலில் வௌவாலை என்றுதான் நாங்களும் சொல்லிக்கொண்டிருந்தோம். 2019இல் மரபணுவை வைத்து உறவுமரம் போட்டபோது அந்தக் குடும்பமே 11 கோடி ஆண்டுக்கு மேல் பழையது என்று வந்தது, வௌவாலே அதற்கு வெகுகாலம் பிந்தித்தான் வந்தது. அப்படியானால் ஆதியில் யாரைக் குடித்தது என்பதே கேள்வியாகிவிட்டது. நம் இனமும் குளிர்நாட்டு இனமும் பிரிந்தது சுமார் 4.7 கோடி ஆண்டுக்கு முன். மனிதனே இல்லாத காலம், அதனால் நம்மால் பிரிந்தார்கள் என்ற கதையும் போச்சு.

கடல் பக்கம் பார்த்தால், இத்தாலியில் கிடைத்த ஹாலோபேட்டிஸ் புதைபடிவம் ஒன்று ஏறத்தாழ 4.5 கோடி ஆண்டு பழையது. ஏறக்குறைய ஒரே காலம். சென்னை மேன்சன்காரரும் ரொறன்ரோக்காரரும் பங்கு பிரித்துக்கொண்டிருந்தபோது இவர் கடலில் இறங்கியிருந்தார்.

தூக்கம்கெட்டவன்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். கட்டிலை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போய் வெந்நீர் ஊற்றினேன், பக்கத்து அறைக்காரர்களும் அவரவர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஒரே திருவிழா. ஓட்டை மாற்றிக்கொள்கிறேன், மூட்டைப்பூச்சிதான் பெரிய ஆள். ஆனால் கடல் பூச்சிக்கு முட்டையிட இடமில்லை என்று அக்கா சொன்னது மனதில் கிடந்தது, படித்துப் பார்த்தேன். இப்போது அந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது போலிருக்கிறதே?

பூச்சிக்கண்ணாடி:

தீர்ந்தது, நம் குப்பையால். 2002இல் ஒரு கட்டுரை வந்தது, கிழக்குப் பசிபிக்கில் மிதந்துவந்த ஒரு காலிப் பால்கேனில் சோப்ரினஸ் முட்டை சுமார் 70,000, அடுக்கு அடுக்காக. ஒரு பெண்ணிடம் ஒரு சமயத்தில் பத்து இருபது முட்டைதான் இருக்கும், அப்படியானால் அந்த ஒரு கேனுக்கு எத்தனை ஆயிரம் பேர் வரிசையில் நின்றிருப்பார்கள் பாருங்கள். 2012இல் ஸ்கிரிப்ஸ்காரர்கள் வட பசிபிக்கின் நடுச்சுழலைப் பார்த்துவிட்டு, அங்கே சிறு பிளாஸ்டிக் துணுக்கு 1970, 80களில் இருந்ததைவிட நூறு மடங்கு கூடியிருக்கிறது, கூடவே செரிசியஸின் முட்டையும் கூடியிருக்கிறது என்று எழுதினார்கள். பூச்சிக்குக் கொண்டாட்டம்தானே என்று கேட்கலாம். அது தின்கிற மிதவை உயிர்களுக்கும் மீன் முட்டைக்கும், அதைத் தின்கிற கடற்பறவைக்கும் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. இடம் கிடைத்ததற்காக நான் அதற்கு வாழ்த்துச் சொல்ல மாட்டேன்.

கேள்விக்குறி:

ஆக ஒன்று நம் பெட்டியில் ஏறி ஊர் சுற்றுகிறது, மற்றது நாம் வீசிய கேனில் பிள்ளை பெறுகிறது. தனித்தனி உலகம் என்று தலைப்பு வைக்காமல் விட்டீர்களே, அதுவரை நல்லது.

வரப்போரம்:

இவ்வளவு ஓடுகிற ஆளை ஒரு கண்ணாடித் தொட்டியில் விட்டு வீட்டில் வளர்க்க முடியுமா? பேரன் கேட்கிறான்.

பூச்சிக்கண்ணாடி:

முடியாது ஐயா. ஆய்வகத்திலேயே பெரும்பாடு. தொட்டிச் சுவர் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது, துள்ளித் துள்ளி மோதிக் காயப்பட்டுக்கொள்ளும். பேரனுக்குக் குளத்தில் ஓடுவதைக் காட்டுங்கள், காலுக்குக் கீழே தண்ணீர் குழிவதும் அடியில் விழும் வட்ட நிழலும் பார்க்கவே போதும்.

ஆழிஅலை:

வேலைக்குப் போய்விட்டு இப்போதுதான் மொத்தமும் படித்தேன். தம்பி ஒருத்தன் அடுத்த வாரம் ஓட்டம் போகிறான், மிதக்கிற பாட்டில் எது கண்டாலும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார், ஆரஞ்சு நிறத்தில் ரவை மாதிரி ஒட்டியிருந்தால் படம் எடு என்று சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தேன். நான் போன படகில் நாங்கள் படுக்கிற பலகையில் மூட்டைப்பூச்சி உண்டு. ராத்திரி அது தாங்காமல்தான் மேலே தளத்துக்கு வந்து உட்கார்ந்து விடியும்வரை கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம், அந்த வெள்ளிப் பொட்டை நான் முதலில் பார்த்ததே அப்படி ஒரு விடியலில்தான். பலகைக்கும் தண்ணீருக்கும் பத்தடிகூட இருக்காது.

தூக்கம்கெட்டவன்:

அண்ணே, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இந்த இழையே ஆரம்பித்திருக்க மாட்டேன்.